எந்தக் கச்சையைக் கட்டுவது?

மஹய்யாவையில் அமர்ந்துகொண்டு கடல் விளையாட்டைப் பற்றி எழுதத் துணிந்த எம்மைப் பார்த்து வாசகர்கள் நகைக்கக்கூடும். கண்டி நகரின் வடக்கே, கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில், மலைச்சரிவிலே வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினாற்போல் நிற்கும் ஊர் இது. மாத்தளைப் புகைவண்டி ஊதுவதைக் கேட்டு நேரம் அறிகிறவர்கள் நாம். எமக்குப் பழக்கமான நீர்நிலைகள் இரண்டே: ஒன்று கண்டி வாவி, மற்றொன்று மகாவலி கங்கை. காற்றின் பயன் என்னவென்று எம்மைக் கேட்டால், கொடியில் கிடக்கும் துணி உலரும் என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாது.

ஆயினும், சென்ற கார்த்திகை மாதத்தில் எம் வீட்டுத் திண்ணையிலேயே கடல் வந்து இறங்கிவிட்டது. அதைக் கொண்டுவந்தவன் எம் தமக்கையாரின் மகன்.

அவன் கற்பிட்டியில் ஒரு விடுதியிலே வேலை பார்க்கிறான். புத்தளம் மாவட்டத்தில், ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் அந்தத் தீபகற்பத்தை வாசகர்கள் ஒல்லாந்தர் கோட்டைக்காகவும் தலவில அன்னம்மாள் ஆலயத்துக்காகவும் அறிந்திருப்பார்கள். இன்று அது காற்றுக்காகவும் பெயர்பெற்றிருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையில் சோழகம் அங்கே ஓயாது வீசும். மார்கழி முதல் மாசி வரையில் வாடை வீசும். அந்தக் காற்றை நாடிப் பல நாடுகளிலிருந்தும் விளையாட்டு வீரர்கள் வந்து தங்குகிறார்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீரின்மேல் பறப்பவர்களே அவர்களுள் அதிகம். பலகையிலே பாய்மரம் நட்டு ஓட்டுபவர்களும் உண்டு. தட்டுக் கழுவவும் அறை கூட்டவும் சென்ற எம் மருமகன், ஓய்வு நேரத்தில் இந்தப் பாய்ப்பலகையில் ஏறிக் கற்றுக்கொண்டான். நன்றாகக் கற்றுத் தேர்ந்தால் பிறருக்குக் கற்பிக்கும் வேலை கிடைக்கும். அதற்குச் சம்பளமும் மதிப்பும் கூட.

இரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஓய்ந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவன், பையிலிருந்து இரண்டு பழைய கச்சைகளை எடுத்துத் திண்ணையில் பரப்பினான். இரண்டும் நண்பர்களிடம் இரவல் வாங்கியவை.

"மாமா, இதுல ஒண்ணுதான் வாங்கக் காசு சேர்த்திருக்கேன். இடுப்புல கட்டுறதை வாங்குறதா, உட்காருற மாதிரி மாட்டுறதை வாங்குறதா?" என்று கேட்டான்.

எமக்கோ இரண்டும் குதிரைச் சேணம் போலத் தோன்றின. அடுப்படியிலிருந்து வந்த தமக்கையார் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குள்ள விழுந்தா எது சீக்கிரமா அவனை விடும்?" என்று ஒரே கேள்வி கேட்டார். இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடப்போய் நாம் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம். கடற்கரைக்கு வேலை தேடிச் செல்லும் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவுமல்லவா?

பாயும் பலகையும்

ஆங்கிலத்தில் விண்ட்சர்ஃபிங் எனப்படும் இந்த விளையாட்டு அவ்வளவு பழையதன்று. அமெரிக்கரான நியூமன் டார்பி என்பவர் பலகையிலே பாய் நட்டு ஓட்டி, அதைப் பற்றி 1965ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜிம் ட்ரேக், ஹொய்ல் ஷ்வைட்சர் என்னும் இருவர் 1968இல் தமது பாய்ப்பலகைக்குக் காப்புரிமை கோரி, 1970இல் அதைப் பெற்றனர். 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போட்டியில் ஆடவருக்கும், 1992இல் பார்சிலோனாவில் மகளிருக்குமாக இது ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது.

இதன் நுட்பம் பாய்மரத்தின் அடியிலே இருக்கிறது. சாதாரண ஓடத்தில் பாய்மரம் அசையாமல் நிற்கும். கயிறுகள் அதை நாற்புறமும் இழுத்துப் பிடித்திருக்கும். பாய்ப்பலகையில் அவ்வாறன்று. மரத்தின் அடி, எப்பக்கமும் சாயக்கூடிய மூட்டு ஒன்றினால் பலகையோடு பொருத்தப்பட்டிருக்கிறது. அதை நிறுத்திப் பிடிக்கும் கயிறு எதுவும் இல்லை. பாயின் இருபுறமும் வளைந்து செல்லும் 'பூம்' எனப்படும் கைத்தண்டைப் பற்றிக்கொண்டு நிற்கும் மனிதனே அங்கே கயிறு. காற்று பாயை ஒருபுறம் தள்ள, அவன் மறுபுறம் சாய்ந்து தன் உடற்பாரத்தால் அதை ஈடுசெய்கிறான்.

இவ்வளவு பாரத்தையும் இரு கைகள் எவ்வளவு நேரம் தாங்கும்? சில நிமிடங்களுக்குள் முன்கைகள் கல்லாய் இறுகிவிடும், விரல்கள் விரியா. இதற்குப் பரிகாரமாக 1970களின் நடுப்பகுதியில் ஹவாய்த் தீவுகளின் ஓட்டிகள் ஓர் உபாயம் கண்டனர். கைத்தண்டில் ஒரு கயிற்றை வளையமாகத் தொங்கவிட்டு, உடம்பிலே கட்டிய கச்சையின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டார்கள். பாரம் கையைவிட்டு உடம்புக்கு மாறியது. கைகளுக்கு வழிநடத்தும் வேலை மட்டுமே மிஞ்சியது.

முதலில் கொக்கி நெஞ்சிலே இருந்தது. முதுகுக்கு அது நல்லதாக அமையவில்லை. ஆகவே காலப்போக்கில் கொக்கி கீழே இறங்கிற்று. எங்கே இறங்கி நிற்பது என்பதில்தான் இன்றைக்கும் இரு கட்சிகள் இருக்கின்றன.

இரு கச்சைகளும் அவற்றின் குணமும்

முதலாவது இடுப்புக் கச்சை. அகன்ற பட்டைபோல் நடுமுதுகின் கீழ்ப்பகுதியைச் சுற்றி வந்து, முன்னால் கொப்பூழுக்கு அண்மையில் கொக்கியோடு முடிகிறது. கால்களில் எதுவும் இல்லை. ஓட்டி விரும்பியபடி திரும்பலாம், முழங்காலை மடக்கலாம், அலைமேல் ஏறித் துள்ளலாம். கொக்கி உயரத்தில் இருப்பதால் கயிற்றை மாட்டுவதும் விடுவதும் எளிது. அலைகளில் விளையாடுவோர் பெரும்பாலும் இதையே விரும்புகிறார்கள்.

இரண்டாவது இருக்கைக் கச்சை. தொடைகளைச் சுற்றி இரு வார்கள் செல்ல, பின்புறத்தை முழுவதும் தாங்கும் வண்ணம் தைக்கப்பட்டது. கொக்கி முன்னதைவிடத் தாழ்வாக, அடிவயிற்றின் அருகே இருக்கும். உடம்பின் பாரமையமும் அங்கேதான் உள்ளது. ஆகையால் ஓட்டி, நாற்காலியில் அமர்வதுபோல் தன் முழுப் பாரத்தையும் அதிலே சாய்த்துவிடலாம். பெரிய பாய் கட்டி நெடுந்தூரம் ஓடுவோரும், பந்தய வீரர்களும் இதை நாடுவதன் காரணம் இதுவே. குறையும் உண்டு: தொடை வார்கள் நடையைச் சற்றுத் தடுக்கும், கொக்கி தாழ்ந்திருப்பதால் மாட்டவும் விடவும் பழக்கம் வேண்டும், முதலில் சிலர் பின்புறத்தை நீட்டிக்கொண்டு குந்தியவாறே ஓட்டுவார்கள்.

மருமகனின் மனம் இடுப்புக் கச்சையிலேயே இருந்தது. கற்பிட்டிக்கு வரும் கைதேர்ந்தவர்கள் சிலர் அதைக் கட்டுகிறார்களாம். பார்ப்பதற்கும் அழகாக இருக்கிறதாம். இருக்கைக் கச்சையைக் கண்டால் தோழர்கள் குழந்தையின் அரைத்துணி என்று கேலி செய்கிறார்களாம். ஆனால் சட்டையை உயர்த்திக் காட்டியபோது, விலா எலும்பின் கீழே நீலம்பாரித்த தழும்பு ஒன்று இருந்தது. இரவல் வாங்கிய இடுப்புக் கச்சை ஓடும்போது மேலேறி நெஞ்சுக்கூட்டை நெரித்ததன் அடையாளம் அது.

கொழுந்துக் கூடை சொன்ன பாடம்

எம் தமக்கையார் மணமுடித்து மஹய்யாவைக்கு வருமுன் ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். கூடைக் கயிற்றை உச்சந்தலையில் போட்டுப் பாரத்தை முதுகிலே தொங்கவிட்டு, மலையேறி இறங்கிய நாட்களின் வலி இன்றும் மழைக்காலத்தில் அவர் கழுத்திலே எழும். அவர் அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மகனைக் கேட்டார்:

"இந்தக் கயிறு உன்னைக் கீழ இழுக்குதா, மேல இழுக்குதா?"

அவன் சிறிது யோசித்தான். கைத்தண்டு தோள் உயரத்தில் இருக்கிறது, கொக்கியோ இடுப்பில். "முன்னாலயும் இழுக்குது, மேலயும் இழுக்குதும்மா" என்றான்.

"கூடை கீழ இழுத்துச்சு, அதனால மேல தலையில பிடி வேணும்னு கயிறு போட்டோம். இது மேல இழுக்குதுன்னா கீழ ஒரு பிடி வேண்டாமா? உனக்கு இடுப்பே இல்லையே, அது ஏறாம என்ன செய்யும்?"

பல மணி நேரம் படித்தும் எமக்குப் பிடிபடாத உண்மை இதுவே. இழுக்கும் திசை எதுவோ அதற்கு எதிர்த்திசையிலே பிடிப்பு இருக்க வேண்டும். இடுப்புக் கச்சைக்குப் பிடிப்புத் தருவது இடுப்பெலும்பின் அகலமும் கச்சையின் இறுக்கமுமே. இடை ஒடுங்கி இடுப்பு அகன்றவர்களுக்கு அது நகராமல் நிற்கும். மேலிருந்து கீழ்வரை நேராக ஒல்லியாயிருக்கும் இளைஞருக்கும், வயிறு பருத்து இடுப்பு மறைந்த நடுவயதினருக்கும் அது மேலே வழுகும். வழுகிய கச்சை முதலில் விலாவை நெரிக்கும். பின் மூச்சை அடைக்கும். இருக்கைக் கச்சையிலோ தொடை வார்கள் நங்கூரம்போல் கீழிருந்து பிடித்துக்கொள்கின்றன. கேலிக்கு இடமான அந்த வார்களிலேயே அதன் நன்மை இருக்கிறது.

பலா மரத்தடிச் சோதனை

சொல்லால் தீராததைச் செயலால் தீர்க்கலாமென்று வீட்டின் பின்னுள்ள பலா மரத்தடிக்குச் சென்றோம். மரத்திலே ஒரு மூங்கிலைத் தோள் உயரத்தில் இறுகக் கட்டினோம். அதில் கயிற்றை வளையமாகத் தொங்கவிட்டோம். மருமகன் முதலில் இடுப்புக் கச்சையைக் கட்டி, கொக்கியை மாட்டி, கையைவிட்டுப் பின்னால் சாய்ந்தான். அயல்வீட்டுச் சிறுவர்கள் கூடிவிட்டார்கள். ஐந்து நிமிடம் ஆகுமுன் கச்சை ஒரு சாண் மேலே ஏறிவிட்டது. இன்னும் இறுக்கிக் கட்டினோம். மெதுவாக ஏறிற்றேயன்றி ஏறாமல் இருக்கவில்லை.

பிறகு இருக்கைக் கச்சை. அது அசையவில்லை. கால் மணி நேரம் அப்படியே தொங்கினான். வலி எதுவும் இல்லையென்றான். ஆனால் கொக்கியை விடுவிக்கச் சொன்னபோது தடுமாறினான். இடுப்புக் கச்சையில் மூங்கிலை நோக்கி உடம்பைச் சற்று இழுத்தவுடன் கயிறு தொய்ந்து தானே நழுவி விழுந்திருந்தது. இதிலோ கயிறு கட்டையாக இருந்ததால் கொக்கிக்கு எட்டுவதே கடினமாயிற்று. கயிற்றை நீளமாக்கிய பின்னரே இலகுவாயிற்று. அதன்பின் கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை மாட்டிவிடப் பழக்கினார் தமக்கையார்.

ஆகவே வாசகர்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: கச்சையை மாற்றினால் கயிற்றையும் மாற்ற வேண்டும். அளவறிய எளிய வழி உண்டு. வளையத்தின் அடியிலே முழங்கையை வைத்துக் கையைத் தண்டை நோக்கி நீட்டுக. இடுப்புக் கச்சைக்குத் தண்டு மணிக்கட்டின் அளவில் வந்தால் போதும். இருக்கைக் கச்சைக்கு உள்ளங்கை வரையில் நீண்டிருத்தல் நலம். கயிற்றின் இரு நுனிகளையும் பாயின் இழுப்புச் சமனாகும் இடத்தின் இருபுறமும் கட்ட வேண்டும். முன்கை மட்டும் வலித்தால் கயிற்றை முன்னே நகர்த்துக. பின்கை வலித்தால் பின்னே நகர்த்துக.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கடையிலே கண்ணாடி முன் நின்று பார்த்து வாங்குவது தகாது. கச்சையைக் கட்டி, கொக்கியில் கயிற்றை மாட்டி, யாராவது இழுத்துப் பிடிக்கப் பின்னால் சாய்ந்து பார்க்க வேண்டும். வறண்ட நிலையில் சற்று இறுக்கமாகத் தோன்றுவதே சரியான அளவு. நீரில் நனைந்தால் நெகிழ்ந்து கொடுக்கும். கொக்கி பொருத்திய உலோகப் பட்டையின் அகலமும் உடம்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வார்களை முழுவதும் இழுத்த பின்பும் பட்டை ஆடினால் அக்கச்சை பெரிது. பட்டையின் நுனிகள் இடுப்பைக் குத்தினால் அளவு பொருந்தவில்லை என்று அறிக.

பழையதை மலிவாக வாங்குவோர் தையலையும், வார்களின் ஓரத்தையும், பூட்டையும் பார்த்து வாங்கட்டும். வெயிலில் வெளுத்து நூல் உதிரும் வார், காற்று வலுத்த வேளையில் அறுந்து போகலாம். ஒவ்வொரு நாளும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்தினால் கச்சை நெடுநாள் உழைக்கும். பட்டச் சவாரிக்கென்று தைத்த கச்சைகளும் அதே கடையில் தொங்கும். கேட்டறியாமல் ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிடலாகாது. முதுகெலும்பில் ஏற்கனவே நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எந்தக் கச்சையையும் கட்ட வேண்டாம்.

கச்சை கட்டுவதற்கும் ஒரு பருவம் உண்டு. பாயைப் பிடித்து நிற்கவும், திரும்பவும், கரைக்குத் தானே மீளவும் அறியாதவனுக்குக் கொக்கி ஆபத்து. திடீரென்று வலுத்த காற்றில், மாட்டிக்கொண்டவனைப் பாய் தன்னோடு தூக்கி முன்னே எறிந்துவிடும். அவ்வேளையில் தண்டைக் கைவிட்டால் வீழ்ச்சி இன்னும் கொடியது. பிடித்துக்கொண்டே தாழ்ந்து அமர்வதுதான் தற்காப்பு. இதையும் தரையிலே பழகிய பின்னரே நீரில் இறங்க வேண்டும்.

தாயின் கேள்விக்கு விடை

இனி, தமக்கையார் முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். நீரில் விழுந்தால் எது விடும்?

உண்மையைச் சொன்னால், எந்தக் கச்சையும் தானாக விடுவதில்லை. விடுவிப்பது பழக்கமே. விழுந்தவன்மேல் பாய் கவிழ்ந்து, கயிறும் கொக்கியில் சிக்கியிருந்தால், பயத்தால் சுழன்று புரளக்கூடாது. புரண்டால் கயிறு முறுக்கிக்கொள்ளும். முதலில் ஒரு கையால் பாயை மேலே தள்ளினால் மூச்சுவிட இடம் கிடைக்கும். மறு கையால் தண்டைத் தன்னை நோக்கி இழுத்தால் கயிறு தொய்ந்து கழலும். பின் தண்டையோ பாய்மரத்தையோ பற்றிக்கொண்டு ஒரே திசையில் நகர்ந்தால் பாயின் ஓரம் வந்துவிடும். கயிறு முறுகி அவிழாதபோது கச்சையின் பூட்டைத் திறந்து விலக வேண்டும். இந்த ஒன்றில் இடுப்புக் கச்சைக்கே சாதகம். தொடை வார்கள் இல்லாததால் விரைவில் கழலும். இருக்கைக் கச்சை வாங்குவோர், ஒரே இழுப்பில் திறக்கும் பூட்டு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மிதவை அங்கியைப் பொறுத்தவரை இருக்கைக் கச்சைக்கே சாதகம். கொக்கி தாழ்ந்திருப்பதால் நெஞ்சிலே அங்கி அணிய இடையூறில்லை. இடுப்புக் கச்சையின்மேல் நீண்ட அங்கி வந்தால் கொக்கியை மறைக்கும். கற்கும் பிள்ளைகள் அங்கியில்லாமல் களப்பில் இறங்குவதை எந்தத் தாயும் அனுமதிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் சீர்தூக்கி மருமகன் இருக்கைக் கச்சையையே வாங்குவதென்று முடிவு செய்தான். அவன் உடல்வாகு அப்படி. அவனுக்கு வாய்ப்பது நாள்தோறும் பல மணி நேரம் களப்பிலே நேராக ஓடும் வேலை. அவன் இன்னும் கற்கிறவன். மூன்று காரணங்களும் ஒரே பக்கம் சாய்ந்தன. அலைமேல் துள்ளும் திறமை வந்த காலத்தில், அல்லது உழைத்து உடம்பு தேறிய காலத்தில், இடுப்புக் கச்சையையும் கட்டிப் பார்க்கலாம். அன்றைக்கு அது அவனுக்குப் பொருந்தினால் அதுவே நல்ல கச்சை. தோழர்கள் கட்டுகிறார்கள் என்பதற்காக மட்டும் கட்டுவது எக்காலத்தும் நல்ல கச்சையன்று.

மார்கழி பிறந்ததும் அவன் குருநாகல் வழியாகப் புத்தளத்துக்குப் பேருந்து ஏறினான். புறப்படும்போது தமக்கையார் சோற்றுப் பொதியைக் கையில் கொடுத்து, "கேலி பண்றவன் உன் முதுகை வந்து சுமக்கமாட்டான்" என்று மட்டும் சொன்னார்.

இரு வாரத்துக்குப் பின் ஒரு மாலை கைபேசியில் படம் ஒன்று வந்தது. புதிய கச்சையும் மிதவை அங்கியுமாக, வாடையிலே புடைத்த பாயைப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து நிற்கிறான். தமக்கையார் படத்தை நெடுநேரம் பார்த்தார். அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. கச்சை எங்கே நிற்கிறது என்பதையே பார்த்தார். பிறகு, "ஏறல தம்பி, அப்படியே நிக்குது" என்று சொல்லிவிட்டு, விளக்கேற்ற உள்ளே போனார். மாத்தளைப் புகைவண்டி ஊதிக்கொண்டு சென்றது.